எக்ஸாஸ்ட் வால்வு எப்போதும் திறந்திருக்க: ஹோஸைக் கழற்றுவதா, ரிமோட் போடுவதா?

என் காரின் பின் சைலன்சரில் வேக்குவத்தில், அதாவது வெற்றிடத்தின் இழுப்பில், இயங்கும் வால்வு இருக்கிறது. அது தன் இஷ்டத்துக்கு மூடித் திறப்பது போதும், இனி திறந்தே இருக்கட்டும் என்று நினைப்பவருக்கு வழிகள் நிறைய இல்லை. வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிடலாம், இல்லையென்றால் ஃபியூஸைப் பிடுங்கலாம். நடுவில் ரிமோட் கண்ட்ரோலர் ஒன்றை மாட்டலாம். இசியூவில், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில், கோடிங் செய்து அமைப்பை மாற்றலாம். துணிந்தவர்கள் வால்வையே வெட்டி எறிந்துவிட்டு நேர்க்குழாய் போட்டுக்கொள்கிறார்கள். நான் ரிமோட் பக்கம் போனேன், இன்றும் அந்தப் பக்கம்தான் இருக்கிறேன். இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் படிப்பவருக்கும் வசதி.

வால்வு என்றதும் சிலர் இன்ஜினுக்குள் இருக்கும் வால்வுகளையும் வால்வு டைமிங்கையும் நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. பின் சைலன்சருக்குள் புகை வெளியேற இரண்டு பாதைகள் இருக்கும். ஒன்று அறை அறையாகச் சுற்றி, சத்தத்தை அடக்கிக்கொண்டு போகும். இன்னொன்று ஏறக்குறைய நேராகப் போகும். அந்த நேர்ப்பாதையின் வாயில் ஒரு வட்டத் தகடு, அதன் குறுக்கே ஒரு தண்டு, தண்டைத் திருப்ப வெளியே ஆக்சுவேட்டர் என்ற ஒரு இயக்கும் கருவி. இன்ஜின் வேகம், ஆக்சிலரேட்டர் மிதி, டிரைவ் மோட் இவற்றையெல்லாம் பார்த்து இசியூ முடிவு செய்யும். புதிய சங்கதி ஒன்றுமில்லை. 1990களின் தொடக்கத்திலேயே மிட்சுபிஷி 3000ஜிடி விஆர்-4 காரில் டூர், ஸ்போர்ட் என்று இரண்டு நிலைகளுக்கு ஒரு பொத்தான் இருந்தது. வால்வு எக்ஸாஸ்ட் கொண்ட கார்வெட் சி6 காரில் நிமிடத்துக்கு 3,500 சுற்று (ஆர்பிஎம்) வாக்கில் வால்வு திறக்கும். அதற்கான ஃபியூஸைப் பிடுங்கினால் எப்போதும் திறந்தே இருக்கும் என்பது அந்தக் கார் வைத்திருப்பவர்களிடையே பால பாடம்.

வேக்குவம் போனால் வால்வு ஏன் திறக்கிறது, மூடவில்லை? வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஹோஸ் வெடித்தோ பம்ப் பழுதாகியோ வேக்குவம் இல்லாமல் போனால், மூடிய வால்வு முழு வேகத்தில் இன்ஜினின் மூச்சைப் பிடிக்கும். அதனால் ஸ்பிரிங் திறந்த பக்கமே இழுக்கும்படியும், வேக்குவம் மூடும்படியும் பெரும்பாலான கார்களில் வைத்திருக்கிறார்கள். ஹோஸைக் கழற்றும் வித்தை வேலை செய்வது இந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டின் புண்ணியத்தில்தான்.

பவர் கூடுமா என்ற கேள்விக்கு அதிக நேரம் தேவையில்லை. கூடாது. முழு ஆக்சிலரேட்டரில், உயர்ந்த ஆர்பிஎம்மில் இசியூ தானாகவே வால்வைத் திறந்துவிடுகிறது. அங்கே நீங்கள் புதிதாகத் திறக்க எதுவுமில்லை. கீழ் ஆர்பிஎம்மில் டார்க், அதாவது இழுவை, குறையும் என்று பயமுறுத்துபவர்கள் பைக் கதையைக் காருக்குப் பொருத்துகிறார்கள். யமஹா 1987-இல் கொண்டுவந்த எக்ஸப் வால்வு, இன்ஜினிலிருந்து வரும் குழாய்கள் ஒன்றுசேரும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். அழுத்த அலைகள் அங்கே இன்னும் வலுவாக இருப்பதால், அதைத் திறந்தே வைத்தால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறைவது உண்மை. காரின் வால்வு, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் நடு சைலன்சரையும் தாண்டி, வண்டியின் வாலில் இருக்கிறது. அங்கே நடப்பது இன்ஜினுக்குப் பெரிதாகத் தெரியாது. மைலேஜும் மாறாது, சத்தம் கேட்பதற்காகவே மிதிக்கும் உங்கள் கால் மாறாமல் இருந்தால்.

ஆக, எல்லா வழியிலும் கிடைப்பது ஒன்றேதான்: சத்தம். அதுவும் காருக்குக் கார் வேறுபடும். கரித்துகளைப் பிடிக்கும் பெட்ரோல் பார்ட்டிகுலேட் ஃபில்ட்டர் இருக்கும் புதிய கார்களில் வால்வைத் திறந்தாலும் பழைய கார்களின் உறுமல் வராது. ஃபில்ட்டரே பாதியை விழுங்கிவிடும். அப்படிப்பட்ட காருக்கு எந்த வழியிலும் பெரிதாகச் செலவு செய்ய நான் சொல்லமாட்டேன்.

ஹோஸைக் கழற்றும் வழியின் பலம் வெளிப்படை. செலவு இல்லை, கருவி வேண்டாம், கால் மணி நேரத்து வேலை. செய்யும்போது ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது, கழற்றிய ஹோஸின் வாயை இறுக அடைக்க வேண்டும். பிஎம்டபிள்யூ வைத்திருப்பவர்கள் கோல்ஃப் பந்தைத் தூக்கி வைக்கும் அந்தச் சின்ன மரக்குச்சியை இதற்கென்றே வாங்கி வைத்திருப்பார்கள். கூம்பு வடிவம், கச்சிதமாக நுழைந்து நிற்கும். வாயைத் திறந்தே விட்டால் இசியூ வால்வை மூடச் சொல்லும் ஒவ்வொரு முறையும் வேக்குவம் அந்த வழியே கசியும். சில டர்போ இன்ஜின்களில், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கதவான வேஸ்ட்கேட்டை இயக்குவதும் அதே வேக்குவம்தான், பிஎம்டபிள்யூ என்54 அப்படிப்பட்டது. அங்கே கசிவு வந்தால் டர்போ தரும் அழுத்தம் (பூஸ்ட்) குறைந்து, வண்டி ஏன் இழுக்கவில்லை என்று எங்கெங்கோ தேட வேண்டிவரும்.

ஃபியூஸ் வழி இன்னும் சுலபம், ஆனால் அந்த ஃபியூஸ் வால்வுக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். வேறு எதையாவது சேர்த்துக்கொண்டு அணைகிறதா என்று சர்க்யூட் வரைபடத்தைப் பார்க்காமல் கை வைக்கக்கூடாது. கோடிங்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சுத்தமான வேலை, கம்பி எதுவும் தொங்காது. ஆனால் சர்வீஸில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் அழிந்துபோக வாய்ப்பு உண்டு, செய்த தடயமும் இசியூவில் தங்கிவிடலாம். வெட்டி எறிவது திரும்பி வர முடியாத பாதை. டிராக்கில் மட்டும் ஓடும் காருக்கு அது சரி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ரிமோட்டைத் தேர்ந்தெடுத்ததற்குச் சத்தமோ சட்டமோ முதல் காரணம் இல்லை. அந்தத் தண்டுதான் காரணம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக எக்ஸாஸ்டுக்குள் போகிறது. நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்தால் அதுதான் கணக்கு. நீண்ட ஓட்டத்தில் எல்லாம் சூடாகி ஆவியாகவே வெளியேறிவிடும். குறுகிய ஓட்டங்களில் பின் சைலன்சர் முழுதாகச் சூடாவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுகிறோம். தண்ணீர் உள்ளேயே குளிர்ந்து தங்குகிறது. அதில் எரிந்த எரிபொருளின் அமிலத்தன்மை கலந்திருக்கும், கரித்தூளும் சேரும். வெளியிலிருந்து சாலையின் சேறும் உப்பும் தெறிக்கும். இவை எல்லாம் வந்து சேரும் இடங்களில் ஒன்று தண்டுக்கும் அதைத் தாங்கும் வளையமான புஷ்ஷுக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளி. தகடு ஸ்டெயின்லெஸ்தான், தண்டும் நல்ல உலோகம்தான். ஆனால் அந்த இடைவெளியில் கரியும் துருவும் சேர்ந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, மட்டமான உலோகம் தேவையில்லை, அசைவு இல்லாமல் இருந்தாலே போதும்.

வால்வு தினமும் திரும்பிக்கொண்டிருந்தால் படிவதை அதுவே சுரண்டிவிடும். மாதக்கணக்கில் ஒரே கோணத்தில் நின்றால், ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இன்னும் கொஞ்சம் இறுகும். திறக்காத பூட்டுக்கு நேர்வதேதான் இதற்கும் நேர்கிறது. எக்ஸப் வால்வு இறுகிப்போவது பழைய பைக் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன தலைவலி. கழற்றிச் சுத்தம் செய்து வைக்காவிட்டால் அதன் மோட்டாரும் கேபிளும் இழுத்து இழுத்துத் தோற்கும். காரில் இடம் வேறு, வெப்பம் கொஞ்சம் குறைவு, ஆனால் உலோகத்தின் குணம் அதேதான்.

‘எனக்கு எப்போதும் திறந்துதான் இருக்க வேண்டும். திறந்த நிலையில் இறுகிப்போனால் எனக்கென்ன?’ என்று ஹோஸ் கழற்றியவர் கேட்பார். நியாயமான கேள்வி. கார் கடைசி வரை அவரிடமே இருந்து, சட்டமும் அவரை எட்டிப் பார்க்காமல் இருந்தால் அது சரிதான். நடைமுறையில் அப்படி அமைவது குறைவு.

முதலாவது, வண்டியை விற்கும் நாள். வாங்க வருபவர் அமைதியான கார் கேட்பார். ‘ஒரு ஹோஸை மாட்டினால் போதும், பழையபடி ஆகிவிடும்’ என்று சொல்லிக்கொண்டே மாட்டுவீர்கள். ஒன்றும் நடக்காது. அடுத்து நடப்பது இன்னும் மோசம். வேக்குவம் இறுகிய தண்டை இழுக்கப் பார்க்கும், ஏற்கனவே சூட்டில் காய்ந்துபோன ஆக்சுவேட்டரின் ரப்பர் சவ்வு (டயஃப்ரம்) கிழியும். ஓர் இறுகிய தண்டு, ஒரு கிழிந்த ஆக்சுவேட்டர் என்று இரண்டு பழுதாகிவிடும்.

இரண்டாவது, உதிரி பாகம். இதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. நிறைய கார்களில் வால்வு சைலன்சரோடு சேர்த்து வெல்டு செய்யப்பட்டது. தண்டும் தகடும் தனியாகக் கிடைக்காது, பின் சைலன்சரை முழுதாகத்தான் வாங்க வேண்டும். இரட்டைக் குழாய் கார் என்றால் இடது வலது இரண்டும் ஒரே துண்டாக வரும் மாடல்களும் உண்டு. ஒரு விரல் நீளத் தண்டு இறுகியதற்காக வண்டியின் பின்பக்கத்தையே அகலம் முழுக்க வாங்குவது எப்படி இருக்கும் என்று விலையைக் கேட்டுப் பார்த்தால் புரியும். காசே செலவாகாது என்று செய்த வேலை, எல்லா வழியிலும் விலை கூடிய வழியாக மாறுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, முழுதாகத் திறந்த நிலையில்தான் இறுகும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஸ்பிரிங் தளர்ந்த வால்வு கொஞ்சம் சாய்ந்த கோணத்தில் நின்று பிடித்துக்கொண்டால், திறந்த சத்தமும் இல்லை, மூடிய அமைதியும் இல்லை. கூடவே குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் ஒரு விசில் சத்தமோ தகரம் அதிரும் சத்தமோ இலவசமாக வரும்.

ரிமோட் இதை எப்படித் தீர்க்கிறது? தானாகத் தீர்ப்பதில்லை. வேக்குவம் காரில் ரிமோட் கிட் என்பது ஹோஸின் நடுவே மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு, அதற்கு ஒரு ரிசீவர், கையில் ஒரு பொத்தான், அவ்வளவுதான். பொத்தானைத் தொடாமலே திறந்த நிலையில் விட்டால் ஹோஸ் கழற்றியதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் பொத்தான் கையில் இருந்தால் மனிதர் அழுத்தாமல் இருக்கமாட்டார். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மூடுகிறேன். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது மூடுகிறேன். மற்ற நேரமெல்லாம் திறந்திருக்கிறது. இப்படி ஒவ்வொரு ஓட்டத்திலும் தண்டு ஒருமுறையாவது திரும்பி வருகிறது. பராமரிப்பு என்று தனியாக எதுவும் செய்யாமலே பராமரிப்பு நடந்துவிடுகிறது.

எதிர்த்தரப்புக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஹோஸ் கழற்றியவர் மாதம் ஒருமுறை காருக்கு அடியில் கையை விட்டு ஆக்சுவேட்டர் தண்டை நாலைந்து முறை தள்ளி விட்டால், நான் மேலே சொன்னதில் பெரும்பகுதி அடிபட்டுப்போகும். செய்யலாம், சிரமம் இல்லை. செய்கிறவரைத்தான் நான் இன்னும் சந்திக்கவில்லை. இன்னொன்று, அடிக்கடி அசையும் வால்வுக்கும் தேய்மானம் உண்டு. புஷ் தேய்ந்தால், வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் தகடு கடகடக்கும். என் வால்வு இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை, அது எவ்வளவு ஓட்டத்துக்குப் பிறகு வரும் என்பதில் என் அனுபவம் போதாது. தேய்ந்த வால்வா, இறுகிய வால்வா என்று கேட்டால் தேய்ந்ததையே எடுத்துக்கொள்வேன். அது சத்தம் போட்டுக்கொண்டாவது வேலை செய்யும்.

ரிமோட்டுக்கு அடுத்த பெரிய பலம், திறந்த வால்வு நெடுஞ்சாலையில் தரும் ரீங்காரத்தை அணைக்க முடிவது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் 2,000 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டர் ஏறத்தாழ 67 ஹெர்ட்ஸிலும், ஆறு சிலிண்டர் 100 ஹெர்ட்ஸிலும், எட்டு சிலிண்டர் 133 ஹெர்ட்ஸிலும் துடிக்கும். காரின் உட்கூடு இந்த எல்லைக்குள் எங்கோ தானும் சேர்ந்து அதிரும். நெடுஞ்சாலை வேகத்தில், டாப் கியரில், பெரும்பாலான கார்கள் ஓடுவதும் இந்த ஆர்பிஎம்மை ஒட்டித்தான். முதல் அரை மணி நேரம் ரசிக்கலாம். அப்புறம் பின் இருக்கையில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள், இறங்கும்போது தலை கனக்கும். ஹோஸ் கழற்றியவருக்கு இதிலிருந்து தப்பிக்க ஒரே வழி, அந்த அலைவரிசைக்கு அளவெடுத்து ஒரு முனை அடைத்த கிளைக்குழாய் வெல்டு செய்வது. ஜே-பைப் என்று சொல்வார்கள். நன்றாகவே வேலை செய்யும், ஆனால் ஒரு மீட்டரை ஒட்டிய நீளக் குழாயை வண்டிக்கு அடியில் எங்கே நுழைப்பது என்பது தனிக் கதை. பொத்தானை அழுத்துவது அதைவிடச் சுலபம்.

காலை ஸ்டார்ட் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர்ந்த இன்ஜின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க ஐடிலிங்கை உயர்த்தி, இக்னிஷனைத் தாமதப்படுத்தும். தாமதமாக எரிவதன் வெப்பமும் சத்தமும் நேராக எக்ஸாஸ்டுக்குப் போகும். வால்வு திறந்திருந்தால் தெருவே எழுந்திருக்கும். 2018 மஸ்டாங்கில் ஃபோர்டு அமைதியாக ஸ்டார்ட் ஆகும் வசதியை, அதுவும் நேரம் குறித்து வைக்கும்படி, தந்ததற்குக் காரணம் இதுதான். தொழிற்சாலையே அக்கம்பக்கத்தாருக்காக ஒரு ஏற்பாடு செய்து தருகிறது என்றால், அதைப் பிடுங்கிப் போடும் வழியை எனக்கு மனது ஒப்பவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நாட்டுக்கு நாடு மாறும். ஐநா ஆர்51 விதியைப் பின்பற்றும் இடங்களில் ஓடும் காரின் சத்தத்துக்கு டெசிபல் வரம்பு உண்டு. 2016-இல் தொடங்கிய கட்டங்களில் சாதாரண கார்களுக்கு அது 72, 70, 68 என்று படிப்படியாக இறங்குகிறது. சோதனை நடக்கும் குறுகிய வேகத்தில் மட்டும் வால்வை மூடி ஏமாற்றும் வழியையும் கூடுதல் விதிகளால் அடைக்கப் பார்க்கிறார்கள். நின்ற நிலையில் அளக்கும்போது மைக்கைக் குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகை கோணத்தில் வைப்பார்கள். வண்டியின் ஆவணத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். ரிமோட் போட்டவரும் இதில் தூய்மையானவர் இல்லை, தொழிற்சாலை மூடச் சொன்ன நேரத்தில் அவரும் திறந்துதான் வைத்திருக்கிறார். அவரால் திரும்ப மூட முடியும், அவ்வளவுதான் வித்தியாசம். கிட்டைக் கழற்றினால் கார் பழையபடி ஆகிவிடும் என்பது வாரன்டி விஷயத்திலும் உதவலாம். ஆனால் வாரன்டி வாதங்கள் எந்தப் பக்கம் முடியும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.

எலெக்ட்ரிக் ஆக்சுவேட்டர் உள்ள கார்களுக்கு நான் சொன்னதில் சில மாறும். நண்பர் ஒருவரின் காரில் கூட இருந்து பார்த்ததுதான் என் அனுபவம், அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள். ஹோஸுக்குப் பதில் இங்கே மோட்டாரும் பற்சக்கரங்களும். பிளக்கைக் கழற்றினால் வால்வு தானாகத் திறக்கும் என்று நம்ப முடியாது, பலவற்றில் கடைசியாக நின்ற இடத்திலேயே நிற்கும். திறந்திருக்கும் நேரம் பார்த்துக் கழற்ற வேண்டும். பதில் வராததை இசியூ கவனித்தால் பிழைக் குறியீடு (ஃபால்ட் கோடு) பதியும், சில கார்களில் டாஷ்போர்டில் விளக்கும் எரியும். இதற்கான ரிமோட் பெட்டி ஆக்சுவேட்டருக்கும் வயரிங்குக்கும் நடுவே உட்கார்ந்து, எல்லாம் சரியாக இருப்பதாக இசியூவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். நண்பர் காரில் அப்படித்தான் ஓடுகிறது, கோடு எதுவும் வரவில்லை. மலிவான பெட்டிகளில் எல்லாம் அதே நேர்த்தி இருக்குமா என்பது வேறு விஷயம். இறுகிய தண்டோடு மல்லுக்கட்டினால் இங்கே பல் தேயும் என்பது மட்டும் வேக்குவத்தைவிட மோசமான பகுதி.

ஏற்கனவே யாரோ ஹோஸ் கழற்றி ஓட்டிய காரை வாங்கப் போகிறீர்கள் என்றால், ஸ்டார்ட் செய்வதற்கு முன், எக்ஸாஸ்ட் ஆறியிருக்கும்போதே ஆக்சுவேட்டர் தண்டை விரலால் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போய், விட்டதும் ஸ்பிரிங்கின் இழுப்பில் தானாகத் திரும்ப வேண்டும். கையடக்க வேக்குவம் பம்ப் இருந்தால் ஆக்சுவேட்டரில் மாட்டி இழுத்துப் பிடியுங்கள். தண்டு நகர்ந்து, நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். மெல்ல நழுவினால் டயஃப்ரம் போயிருக்கிறது. லேசாகத்தான் பிடிக்கிறது என்றால் துரு இளக்கும் எண்ணெயை ஒரு நாள் ஊறவிட்டு, முன்னும் பின்னும் அசைத்து விடுவித்துப் பார்க்கலாம். அந்த எண்ணெய் அடுத்த ஓட்டத்திலேயே எரிந்துபோகும், அதனால் தண்டு விடுபட்ட பிறகு மீண்டும் இறுகாமல் தடுக்க, உயர் வெப்பம் தாங்கும் நிக்கல் ஆன்டி-சீஸ் பசையைத் தடவ வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் புதிய சைலன்சரின் விலையைக் கேட்டு, அதைக் காரின் விலையில் கழித்துப் பேசுங்கள்.